அப்பா சொன்ன ‘ஆமாங்க’

அத்தியாயம் 14

தனக்கோடி வெள்ளைச் சட்டை போட்டால் ஒன்று கல்யாணம், இல்லை சாவு. அன்றைக்கு இரண்டும் இல்லை. இருந்தும் விடியலில் உப்பளத்திலிருந்து பாதி வேலையில் திரும்பி, குளித்து, பெட்டியின் அடியில் கிடந்த அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மகள் கலைமதியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மகளிர் தினத்தன்று கலைமதி பேசியதைப் பார்க்காத செல்போன் மரக்காணத்தில் இல்லை. கல்லூரி மேடையில் பேச வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து முதல்வரின் கையெழுத்து வாங்க வேண்டும். ‘பெண்மையின் பெருமை’ என்று அவள் எழுதிக் கொடுத்ததற்குக் கையெழுத்துக் கிடைத்தது. மேடை ஏறியதும் அந்தத் தாளை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு வேறு ஒன்றைப் பேசினாள்.

“எங்கம்மா உப்பளத்துல வேலை செய்யறாங்க. அங்க ஒதுங்க எடம் கெடையாது. அதனால வேலை முடியற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க. நான் படிக்க வந்துட்டேன். இங்க எங்க பாத்ரூம் பூட்டியிருக்கு. நானும் தண்ணி குடிக்கறதில்ல. எங்கம்மாகிட்டேருந்து எனக்கு வந்த பழக்கம் இது ஒண்ணுதான்.”

அவ்வளவுதான். யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார்கள்.

பூட்டியதற்கும் ஒரு கதை இருந்தது. அந்தக் கல்லூரியில் ஆணும் பெண்ணும் பேசக் கூடாது. நாலு பேர் சேர்ந்தாற்போல நிற்கக் கூடாது. கல்லூரியைப் பற்றி செல்போனில் ஒரு வரி போடக் கூடாது. இதையெல்லாம் ஒழுக்கம் என்ற தலைப்பில் போர்டில் எழுதி நுழைவாயிலில் வைத்திருந்தார்கள். பொறுக்க முடியாமல் யாரோ ஒருத்தி பெண்கள் கழிவறையின் உள்சுவரில், ‘இங்கேயாவது பேசலாமா?’ என்று கிறுக்கி வைத்தாள். எழுதியவள் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் எல்லாப் பெண்களுக்கும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். காலையில் முதல் மணி அடிக்கும் வரை திறந்திருக்கும். அப்புறம் சாவி ஆபீஸுக்குப் போய்விடும்.

ஆபீஸில் அந்தச் சாவியை வைத்திருப்பவன் புருஷோத்தமன். வைகாசியில் கலைமதியின் அக்கா கீதாஞ்சலியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

வீடியோவைப் பார்த்தவர்கள் அவனுக்கு ‘சாவி மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார்கள். கீதாஞ்சலி தங்கையோடு பேச்சை நிறுத்தினாள். உப்பளத்தில் பெண்கள் அம்மா அமுதவல்லியைப் பார்க்கும்போதெல்லாம், “என்னா அமுதா, தண்ணி குடிச்சியா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். “எம் மூத்திரத்தப் பத்தி ஊரே பேசுது. நீ படிச்சது போதும்டி,” என்றாள் அமுதவல்லி. கல்லூரியோ கலைமதியை இடைநீக்கம் செய்தது. மன்னிப்புக் கேட்காவிட்டால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்றது. பெற்றவரை அழைத்துக்கொண்டு விசாரணைக்கு வரச் சொன்னது.

இத்தனைக்கும் மேலே இன்னொன்று. கல்லூரியின் தாளாளர்தான் தனக்கோடியும் அமுதவல்லியும் வேலை செய்யும் உப்பளத்துக்கு முதலாளி.

* * *

முதல்வர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டிருந்தது. தனக்கோடி அதில் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு நின்றார். உப்பில் ஊறி வெடித்த பாதங்கள் அந்தப் பளபளத் தரையில் வெள்ளை வெள்ளையாகத் தடம் விட்டன. குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார். என்ன தேய்த்தாலும் அது போகாது.

“உக்காருப்பா,” என்றாள் கலைமதி.

“இருக்கட்டும்.”

“எம் பொண்ணு தானாதான் எழுதினா, தானாதான் பேசினான்னு சொல்லிடு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்.”

தலையை ஆட்டினார். அவர் உதடுகள் அசைவதைப் பார்த்தால் அதையே சொல்லிப் பார்த்துக்கொள்கிறார் என்று தோன்றியது.

இருவரையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள் என்று கலைமதி நினைத்திருந்தாள். பியூன் வந்து, பெற்றவர் மட்டும் முதலில் என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனக்கோடி உள்ளே போனார். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. கொஞ்சம் வளைந்த முதுகு. அவள் வீட்டில் பார்க்கிற முதுகு இல்லை அது.

உள்ளே நீளமான மேஜை. அதன் அந்தப் பக்கம் முதல்வரும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது. ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் விரல்களைத் தயாராக வைத்திருந்தார்.

முதல்வர் கோபமாக எதுவும் பேசவில்லை. நல்ல பெண், நன்றாகப் படிக்கிற பெண், இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். கல்லூரியின் பெயர், டிசிப்ளின், கோட் ஆஃப் கண்டக்ட், கமிட்டி என்று நீளமாகச் சொல்லிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் தனக்கோடிக்குப் புரியவில்லை. ஏ.சி. சத்தத்தில் மீதியும் சரியாகக் கேட்கவில்லை.

கேட்காததற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

உப்பளத்தில் முதலாளி வந்தால் வரப்பு மேல் நிற்பார். ஆட்கள் பாத்திக்குள் நின்று உப்பை வாருகிற பலகையை இழுத்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் கடல்காற்று. அவர் என்ன கேட்கிறார் என்பது பாதி நேரம் காதில் விழாது. விழாவிட்டாலும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு “ஆமாங்க” என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் போய்விடுவார், வேலையைப் பார்க்கலாம். சின்ன வயதில் தனக்கோடியோடு வேலை செய்த ராஜவேல் ஒரு நாள் நிமிர்ந்து, “என்னா சொல்றீங்க, கேக்கல,” என்றான். அதற்கப்புறம் அந்த அளத்தில் அவனுக்கு வேலை இல்லை. கேட்ட கேள்விக்கு ஒருவன் பதிலாகக் கேள்வி கேட்டான் என்றே பேச்சானது. அன்றிலிருந்து அந்த அளத்தில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

“இவ்வளவு பெரிய விஷயம் அந்தப் பொண்ணுக்குத் தானா தோணியிருக்க சான்ஸ் இல்ல, இல்லீங்களா?” என்றார் முதல்வர்.

“ஆமாங்க.”

“யாரோ பின்னால இருந்து தூண்டியிருக்காங்க.”

“ஆமாங்க.”

“தமிழ் டிபார்ட்மென்ட்ல தெய்வநாயகி மேடம். கெஸ்ட் லெக்சரர். அவங்கதானே ட்ரெயினிங் குடுத்தது?”

தெய்வநாயகி மேடம் என்ற பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டது. பிரம்மதேசத்திலிருந்து பஸ்ஸில் வருகிற டீச்சர். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று கலைக்குச் சொல்லித் தந்தவர். வீட்டில் அவரைப் பற்றிப் பேசாத நாளில்லை. நல்ல மனுஷி. தெரிந்த பெயரைக் கேட்டதும் தனக்கோடியின் முகம் கூட மலர்ந்தது.

“ஆமாங்க,” என்றார், இந்தத் தடவை மனசாரவே.

கம்ப்யூட்டரில் விரல்கள் ஓடின. அடித்த தாளை நீட்டினார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். முதல்வர் எழுந்து கும்பிட்டார். படித்த மனிதர் தன்னைக் கும்பிட்டது தனக்கோடிக்குக் கூச்சமாக இருந்தது.

வெளியே வந்ததும் மகளிடம் சொன்னார்: “நல்லவிதமாதான் பேசினாங்க. ஒண்ணும் ஆவாது, நீ போ.”

* * *

கலைமதியை உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் கூடக் கொடுத்தார்கள்.

அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், இனிமேல் பிரச்சினை இல்லை என்றார் முதல்வர். திங்கட்கிழமை காலை பிரேயரில் மேடைக்கு வந்து, இது தெய்வநாயகி மேடம் எழுதிக் கொடுத்தது, விவரம் தெரியாமல் படித்துவிட்டேன் என்று அவள் வாயால் சொன்னால் போதும். அந்த இடத்திலேயே ஹால் டிக்கெட். அவளைப் பழி வாங்குவது அவர்கள் நோக்கமே இல்லை. மேடம் விஷயத்தைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும்.

“சார், அது நான் எழுதினது,” என்றாள் கலைமதி. “மேடம் பார்த்தது வேற பேப்பர். நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்.”

முதல்வர் மேஜை மேலிருந்த தாளை அவள் பக்கம் திருப்பினார். கீழே அப்பாவின் கையெழுத்து. தனக்கோடி என்பதில் கடைசி எழுத்தைக் கொஞ்சம் தூக்கிப் போடுவார். தூக்கியிருந்தது.

“அப்படீன்னா உங்கப்பா பொய் சொல்றாரா?”

அவளுக்கு நிறைய பதில்கள் தெரியும். அந்த மேடையில் பேசியவள்தான் அவள். ஆனால் இதற்குப் பதில் சொன்னால் அப்பா பொய்யர். சொல்லாவிட்டால் மேடம் குற்றவாளி. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அப்பா நின்றுகொண்டிருந்தார். இவள் திரும்பியதைப் பார்த்துவிட்டு, பயப்படாதே என்பது போலத் தலையை ஆட்டினார்.

கலைமதி வாயைத் திறக்கவில்லை.

“குட்,” என்றார் முதல்வர். “திங்கக்கிழமை பார்க்கலாம்.”

* * *

உப்பளம் தொடங்கும் இடத்தில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இரண்டு பக்கமும் பாத்திகள் கண்ணைக் குத்தின. குவித்த உப்பின் மேல் கீற்றுப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

“உள்ள என்னாப்பா சொன்ன?”

“என்னாத்த சொன்னேன். அவங்க கேட்டாங்க, ஆமாங்கன்னேன்.”

“எதுக்கு?”

“எல்லாத்துக்கும்தான்.”

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபம் அந்த ஒரு சொல்லில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. அவள் மெதுவாக விளக்கினாள். யாரை யார் தூண்டியதாக அவர் ஒத்துக்கொண்டார், எதன் கீழே கையெழுத்துப் போட்டார், திங்கட்கிழமை அவள் என்ன சொல்ல வேண்டும், சொன்னால் என்ன ஆகும் என்பதெல்லாம் சொன்னாள். மேடம் நிரந்தர வேலையில் இருப்பவர் கூட இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தனக்கோடி கேட்டுக்கொண்டே இருந்தார். பாதியில் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கை நழுவியது.

“நான் அப்பிடிச் சொல்லலியேம்மா.”

“அப்பிடித்தாம்பா சொல்லியிருக்க.”

“அந்தம்மா நல்லவங்கன்னு நெனச்சிதான் ஆமாங்கன்னேன்.”

கலைமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாத்தியில் யாரோ ஒரு பெண் நிமிர்ந்து இவர்களைப் பார்த்து, உரக்கச் சிரித்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். காற்றில் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

“நான் போயி இல்லீங்கன்னு சொல்லிடறேன்,” என்றார் தனக்கோடி. “நான் சொன்னத நானே இல்லேன்னு சொல்லிட்டா செல்லாதா?”

செல்லுமா என்று கலைமதிக்குத் தெரியவில்லை. சொல்வாரா என்பது அதைவிடத் தெரியவில்லை. அதை அவரிடம் சொல்ல மனம் வராமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

* * *

பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் மருந்துக் கடையில்தான் கீதாஞ்சலிக்கு வேலை. காலையில் உப்பள வேலை முடித்து வருகிற பெண்கள் கூட்டம். சாயங்காலம் அனுமந்தைப் பக்கத்திலிருந்து மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் கூட்டம். மதியத்தில் கொஞ்சம் ஓய்வு. அந்த நேரத்தில் செல்போனை எடுத்துப் புருஷோத்தமன் அனுப்பிய செய்திகளைப் படிப்பாள்.

அன்றைக்கு ஒரே செய்தி. ‘எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்.’

அவளுக்கு மூச்சு வந்தது. இந்த மூன்று வாரமாக அவள் பட்டது அவளுக்குத்தான் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் மாத்திரை வாங்கிவிட்டு, “சாவி எங்கம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். புருஷோத்தமன் நல்லவன். அவனைப் போல அதட்டாமல் பேசுகிற ஆம்பிளையை அவள் பார்த்ததில்லை. மேலே சொல்கிறார்கள், அவன் பூட்டுகிறான். அதற்கு அவன் என்ன செய்வான்? வீடியோ வந்த மறுநாளே அவன் சொல்லிவிட்டான், பாத்ரூமைத் திறந்துவிட்டோம் கீதா, இனி பூட்ட மாட்டார்கள் என்று. அப்புறமும் தங்கை மன்னிப்புக் கேட்க மறுத்ததைத்தான் கீதாஞ்சலியால் தாங்க முடியவில்லை.

கல்லூரி சீருடையில் ஒரு பெண் வந்து கல்லாவின் ஓரமாக நின்றாள். கடையில் ஆண்கள் போகும் வரை காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நீர்க்கடுப்புக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கிற பவுடர் வேண்டும் என்றாள்.

அதை எடுக்க கீதாஞ்சலிக்கு அலமாரியைப் பார்க்கத் தேவையில்லை. உப்பள வேலைக்குப் போகிற பெண்கள் வாங்குவது அதுதான். அம்மாவுக்கு அவளே வாங்கிப் போவாள். இப்போது கொஞ்ச நாளாகக் கல்லூரிப் பெண்களும் வாங்குகிறார்கள். வெயில் காலம் என்று நினைத்திருந்தாள்.

“தண்ணி நெறைய குடிம்மா,” என்றாள், எல்லோரிடமும் சொல்வது போல.

அந்தப் பெண் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. “எங்கக்கா குடிக்கறது? குடிச்சா போக வேணாமா?”

“அதான் தெறந்துட்டாங்களே.”

“ரெண்டு நாளு தெறந்து வெச்சாங்க. அப்புறம் பூட்டிட்டாங்க.” அவள் கீதாஞ்சலியை உற்றுப் பார்த்தாள். “நீங்க கலைமதி அக்காவோட அக்காதானே? அவங்களுக்கு நாங்கல்லாம் சப்போர்ட்டுன்னு சொல்லுங்க. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

சொல்லிவிட்டு, பவுடரைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போய்விட்டாள்.

கீதாஞ்சலி செல்போனைத் திறந்து, ‘வர்றேன்’ என்று முடிந்த அந்தச் செய்தியை மறுபடியும் படித்தாள். என்ன பதில் போடுவது என்று தெரியாமல் மூடி வைத்தாள்.

* * *

பொழுது சாய்கிற நேரத்தில் புருஷோத்தமன் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தான். வண்டிச் சாவியும் ஆபீஸ் சாவிகளும் ஒரே கொத்து. வழக்கம் போல அதை டி.வி. ஸ்டாண்டு மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

அமுதவல்லி டீ போட உள்ளே போனாள். கீதாஞ்சலி அப்போதுதான் கடையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். கலைமதி தரையில் உட்கார்ந்திருந்தாள். தனக்கோடி வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மதியத்திலிருந்தே அப்படித்தான். கிட்டப் போனால் அவர் முணுமுணுப்பது கேட்கும். “இல்லீங்க. அப்பிடி இல்லீங்க.”

புருஷோத்தமனுக்கு அது தெரியாது. அவன் சந்தோஷமாக இருந்தான். தாளாளரே கூப்பிட்டு விசாரித்தாராம். தனக்கோடி நல்ல ஆள், வளைந்து கொடுத்துப் போகிறவன் என்றாராம். கல்யாணத்துக்கு நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

“மேடம்?” என்றாள் கலைமதி.

அவன் ஜாங்கிரிப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டே, அவர்களுக்கு என்ன, படித்தவர்கள், எங்கே போனாலும் வேலை கிடைக்கும் என்றான். திங்கட்கிழமை கலை பேசி முடித்ததும் அவருக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்களாம். டைப் அடித்து அவன் மேஜையில்தான் இருக்கிறதாம். சொல்லும்போது அவன் கலைமதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“திங்கக்கிழமை நான் பேசுவேன் மாமா,” என்றாள் கலைமதி. “என்னா பேசுவேன்னு இப்ப எழுதிக் காட்ட மாட்டேன்.”

அவன் கை நின்றது. “கலை, வெளையாடாத. ஒரு வருஷம் போயிடும். மாமாவுக்கும் அத்தைக்கும் அளத்துல வேலை இருக்கணும். உங்கக்கா கல்யாணம் இருக்குது.”

அந்த நேரத்தில் அவனுடைய செல்போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான். தாளாளர். அவன் இரண்டு தடவை “ஆமாங்க சார், ஆமாங்க சார்” என்று சொன்னதைக் கீதாஞ்சலி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு, வாசலில் நின்ற தனக்கோடியிடம் நீட்டினான்.

“மாமா, உங்ககிட்டதான் பேசணுமாம்.”

கலைமதி எழுந்துவிட்டாள். அமுதவல்லி டீ டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றாள். தனக்கோடி செல்போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். மதியம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய சொல் வாய் வரைக்கும் வந்து நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது.

“என்னா தனக்கோடி.” அந்தக் குரல் வரப்பு மேலிருந்து வருவது போலவே இருந்தது. “பொண்ணுக்குப் புத்தி சொன்னியா?”

தனக்கோடியின் இடது கை, அவர் அறியாமலே, தோளிலிருந்த துண்டை இழுத்துக் கக்கத்தில் வைத்தது.

“திங்கக்கிழமை வந்து, அந்த டீச்சர்தான்னு சொல்லிடுவா இல்ல?”

இந்தத் தடவை காற்று இல்லை. ஏ.சி. சத்தம் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. என்ன கேட்கிறார் என்று புரிந்தது. என்ன சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருந்தது.

“ஆமாங்க,” என்றார் தனக்கோடி.

“அதான் வேணும். இரு, இன்னொரு லைன் வருது. மறுபடி கூப்பிடறேன், எடு.”

செல்போன் அடங்கியது.

தனக்கோடி யாரையும் பார்க்கவில்லை. தன் வாயை யாரோ இரவல் வாங்கிப் பேசிவிட்டுப் போனது போல, உதட்டைப் புறங்கையால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

கலைமதிக்கு அழுகை வரவில்லை. மதியம் ரோட்டோரத்தில் வந்த கோபமும் வரவில்லை. இந்த ஒரு சொல்லை விற்றுத்தான் அப்பா தன்னை இவ்வளவு தூரம் படிக்க வைத்திருக்கிறார் என்று மட்டும் தோன்றியது.

“பார்த்தியா, மாமாவே சொல்லிட்டாரு,” என்றான் புருஷோத்தமன். குரலில் நிம்மதி. “டீ குடுங்க அத்தை.”

“பாத்ரூம தெறந்துட்டோம்னு சொன்னீங்க,” என்றாள் கீதாஞ்சலி.

அத்தனை நேரம் அவள் அங்கே நிற்பதையே மறந்திருந்தார்கள்.

புருஷோத்தமன் அவளைப் பார்த்தான். “தெறந்தோம் கீதா.”

“எத்தினி நாளு?”

அவன் ஜாங்கிரிப் பொட்டலத்தின் நூலை எடுத்து விரலில் சுற்றினான்.

“கடைக்கு ஒரு பொண்ணு வந்தா. எங்கம்மா வாங்கற பவுடரையே வாங்கிட்டுப் போறா. இவ வயசுதான் இருக்கும்.” தங்கையின் பக்கம் கை காட்டினாள். மூன்று வாரத்தில் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. “எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“மறுபடி பூட்டச் சொன்னாங்க. பூட்டினேன். உங்கிட்ட சொன்னா நீ கஷ்டப்படுவேன்னு சொல்லல.”

“பூட்டச் சொன்னப்ப நீங்க என்னா சொன்னீங்க?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கெட்டவன் இல்லை அவன். கெட்டவனாக இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரு பதில் இருந்திருக்கும்.

“நானும் உங்கப்பா மாதிரிதான் கீதா அங்க நிக்கறேன்,” என்றான் கடைசியில்.

“அதான் எனக்குத் தெரிஞ்சு போச்சே. கல்யாணத்துக்கப்புறம் நான் உங்ககிட்ட அப்பிடி நிக்கணும். அப்பிடித்தான?”

அமுதவல்லியின் கையில் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. யாரும் வாங்கவில்லை.

கீதாஞ்சலி டி.வி. ஸ்டாண்டின் பக்கம் போனாள். கொத்தில் ஒரு சாவியில் மட்டும் பச்சைக் கயிறு கட்டியிருக்கும். ஒரு தடவை அவன்தான் விளையாட்டாகக் காட்டியிருந்தான், இதுதான் அந்தப் புகழ்பெற்ற சாவி என்று. இருவரும் சேர்ந்து சிரித்திருந்தார்கள். அதை வளையத்திலிருந்து திருகி எடுக்க நேரமானது. நகம் ஒடிந்தது. எடுத்தாள்.

“கீதா, குடு. அது ஆபீஸ் சாவி. எனக்கு வேலை போயிடும்.”

“அந்த மேடத்துக்குப் போனா மட்டும் பரவாயில்லியா?” கொத்தை அவன் கையில் வைத்தாள். பச்சைக் கயிறு கட்டியதைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். “திங்கக்கிழமை கலை கொண்டாந்து குடுப்பா. மேடையில எல்லாரும் பார்க்கறப்ப.”

“என்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்?” என்றாள் அமுதவல்லி. அதட்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடியும்போது கெஞ்சலாக இருந்தது. “தேதி குறிச்சாச்சுடி.”

 கலைமதியின் கைக்குள் சாவி உப்புக்கல் போல உறுத்தியது. அக்காவின் விரல்கள் இன்னும் அதன் மேல் இருந்தன. 

தனக்கோடி வாசல்படியிலேயே நின்றார். புருஷோத்தமனின் செல்போன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, வாங்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை.

அது மறுபடியும் அடித்தது. தாளாளரின் பெயர் வெளிச்சமாக எரிந்தது.

புருஷோத்தமன் ஓர் அடி எடுத்து வைத்தான். கீதாஞ்சலி குறுக்கே வந்து நின்றாள். கலைமதி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனக்கோடி தோளைத் தடவினார். துண்டு அங்கே இல்லை, கக்கத்தில் இருந்தது. அதை எடுத்து, உதறி, மெதுவாக மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். செல்போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் விரல் பச்சைப் பொத்தானுக்குப் போனது.